சென்னியப்பனின் கிளட்ச் இல்லாத கார்

மேல பேசறதுக்கு முன்னாடி... பிள்ளைங்களைக் காலேஜுக்கு அனுப்பிட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாக்கள்கிட்ட ஒரு காரைப் பத்திச் சொல்லணும். குட்டிக் கதைதான். உங்க கையில இருக்கிற டீ ஆறதுக்குள்ள முடிச்சிடறேன்.

பெருந்துறைப் பக்கம் சென்னியப்பன்னு ஒருத்தர். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளையை ஏத்திட்டுப் போற பழைய வெளிநாட்டுக் கார் வெச்சிருந்தார். வெள்ளைக் கார், படகு மாதிரி நீளம். அதுல கிளட்ச் கிடையாது. கியரை அதுவே மாத்திக்கும். ஆட்டோமேட்டிக்.

எதுக்கு அந்தக் கார்? சென்னியப்பனுக்குச் சின்ன வயசுலயே இடது கால் சூம்பிப்போச்சு. கிளட்ச்சை மிதிக்க முடியாது. அப்பல்லாம் இந்த மாதிரி வண்டி ஊருக்கு ஒண்ணு இருந்தாலே அதிசயம். அந்தக் கார் ஓடினா அவர் டிரைவர். ஓடலைன்னா... யாராவது ஏத்திட்டுப் போக வேண்டிய ஆள்.

ஒரு நாள் அது ஓடலை. மேட்டுல ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் கத்துது. கார் நகரலை. இன்னும் மிதிக்கிறார். இன்னும் கத்துது. நகரலை!

ஆளுங்களை வெச்சு வீட்டுக்குத் தள்ளிட்டு வந்தார். எஞ்சினை அணைச்சு, கியர்பாக்ஸ்ல ஆயில் அளக்கற குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் குறியைத் தாண்டி நிக்குது. "அட, அதிகமால்ல இருக்குது"ன்னு கொஞ்சம் வடிச்சும் விட்டுட்டார். அப்புறம் வாசலைத் தாண்டக்கூட மாட்டேன்னுடுச்சு கார்.

மெக்கானிக் குப்புராஜ் வந்தார். பானெட்டைத் தூக்கினார், இறக்கினார். அவ்வளவுதான்.

"அண்ணா, கியர் பெட்டி போச்சுங்ணா. ஆட்டோமேட்டிக்கெல்லாம் நம்மூருக்கு ஆகாது. கழட்டிப் போட்டுட்டு கிளட்ச் வெச்ச பெட்டியா மாட்டிக்கலாம்."

"மாட்டிட்டு? கிளட்ச்சை நீ வந்து மிதிப்பியா?"

"அதுக்கென்னங்ணா, ஒரு டிரைவரைப் போட்டுக்குங்க. நீங்க பக்கத்துல ஜம்முனு உட்கார்ந்துக்குங்க."

ஜம்முனு உட்காரணுமாம்! எத்தனை வருஷமா தானே ஓட்டின மனுஷன்... பக்கத்து சீட்ல உட்காரணுமாம். சென்னியப்பன் சொன்னார்: "நீ கிளம்பு குப்பு. இதை நானே பார்த்துக்கறேன்."

மறுநாள் காலையில ஸ்பேனரை எடுத்துப் பரப்பிட்டார். பெட்டியைக் கழட்டியே ஆகணும். அதுக்கு முன்னாடி மறுபடியும் குச்சியை உருவினார். இப்பவும் ஆயில் குறிக்குப் பக்கத்துலதான் நிக்குது. அவர் சம்சாரம் சரசு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அந்தப் பக்கமா வந்தாங்க.

"ஏனுங்க, வண்டி நிக்கையிலயா மக்கர் பண்ணுது?"

"ஓடையிலதான்."

"அப்புறம் நிறுத்திப்போட்டு அளந்தா என்ன தெரியும்? நம்ம கிணத்தை எப்படிப் பாக்கறோம்? மோட்டாரை நிறுத்தி வெச்சா தண்ணி மேல வந்துதான் நிக்கும். மோட்டாரைப் போட்டாத்தானே உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியும்?"

"எஞ்சின் ஓடையில குச்சியை உருவுனா ஆயில் மூஞ்சில அடிக்கும் புள்ள!"

"அடிச்சா தொடச்சுக்கலாம். உங்க மூஞ்சி என்ன கல்யாணப் பொண்ணு மூஞ்சியா?"

சென்னியப்பன் சிரிச்சுட்டார். ஆனா... அந்தப் பேச்சு அவர் மண்டைக்குள்ள இறங்கிடுச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாங்க. சக்கரத்துக்கெல்லாம் கல்லு வெச்சாங்க. நியூட்ரல்ல போட்டு எஞ்சினை ஓடவிட்டாங்க. சூடு ஏறினதும் குச்சியை உருவினார்.

மூஞ்சில ஒண்ணும் அடிக்கலை. அடிக்கறதுக்கு ஆயில் இருந்தாத்தானே? குச்சியோட நுனிகூட நனையலை!

நிறுத்தி வெச்சா மேலேருந்து வடிஞ்சு வந்த ஆயிலெல்லாம் அடியில சேர்ந்துக்குது, நெறைய இருக்கிற மாதிரி காட்டுது. ஓடவிட்டா அத்தனையும் பெட்டி முழுக்க ஏறிடுது. அப்பத்தான் பத்தலைன்னு தெரியுது.

எஞ்சின் ஓடும்போதே சரசு குனிஞ்சு டார்ச் அடிச்சாங்க. "இங்க பாருங்க, செகப்பா ஆயில் கசியுது." கியர் ஆயில் சூடு ஆறறதுக்காக ரேடியேட்டருக்குப் போற ரப்பர் ஓஸ்ல ஒரு வெடிப்பு. நிக்கும்போது ஒரு சொட்டு வராது. ஓடும்போதுதான் கசியுது.

புது ஓஸ் மாட்டினார். அதே ரக ஆயிலை வாங்கி, ஓடவிட்டு, அளந்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினார். கல்லையெல்லாம் எடுத்துட்டு, உட்கார்ந்து, கியரைப் போட்டார்.

சத்தமே இல்லை. கார் முன்னாடி நகர்ந்துது. அதே மேட்டுல ஏறுச்சு. ஓட்டினது யாரு? சென்னியப்பன்! பக்கத்து சீட்ல ஜம்முனு உட்கார்ந்திருந்தது... சரசு.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்?

உங்க பொண்ணு ஸ்கூல்ல கெட்டிக்காரி. காலேஜுக்கு வந்தா, முதல் செமஸ்டர்லயே ரெண்டு பேப்பர் போச்சு. வீட்ல என்ன பேசறீங்க? "இதெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஆகாது. நிறுத்திட்டு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துடலாம்." இது யாரு குரல்? குப்புராஜ் குரல் இல்லையா? அவளும் வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்ல உட்காரணுமா?

எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். உங்க பயம் எனக்குத் தெரியும். ஆனா பெட்டி கெட்டுப்போகலைங்க. அளவு குறைஞ்சிருக்கு. இங்கிலீஷ் குறைஞ்சிருக்கலாம். எழுந்து கேள்வி கேக்கற தைரியம் குறைஞ்சிருக்கலாம். அவ ஓட ஆரம்பிச்சதாலதான் அந்தக் குறையே வெளியில தெரியுது! குறை தெரிஞ்சா ஊத்தி நிரப்பணும். பெட்டியையா கழட்டுவாங்க?

அதனால நிறுத்தாதீங்க. திங்கக்கிழமை அவளைக் காலேஜுக்கு அனுப்புங்க. சாயங்காலம் வந்ததும் மார்க்கைக் கேக்காதீங்க. பக்கத்துல உட்கார வெச்சு இதை மட்டும் கேளுங்க... "கண்ணு, இன்னிக்கு எது புரியலை?"