வலிக்கு எத்தனை மார்க்?

கனகா: அங்கயே நில்லுங்க. வலது காலை மட்டும் ஊனி அழுத்துங்க... எங்க வலிக்கறது?

சேகரன்: முட்டிக்குக் கீழ, வெட்டுன எடத்துலதானுங்க. எலும்பு முனைல.

கனகா: பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?

சேகரன்: ஒரு... ஆறு போட்டுக்குங்க மேடம்.

கனகா: போன ஞாயித்துக்கிழமையும் ஆறு. அதுக்கு முந்தின வாரமும் ஆறு.

சேகரன்: அது மாறாத வலிங்க.

கனகா: குக்கரஹள்ளி ஏரியைப் பாதி சுத்தியாச்சு. ஒரு தடவைகூட நீங்க உக்காரல. ஆறாம், ஆறு!

சேகரன்: பல்லக் கடிச்சுக்கிட்டு நடக்கறேனுங்க.

கனகா: சும்மா சொல்லாதீங்க. பல்லைக் கடிச்சுண்டா இத்தனை நேரம் வாய் மூடாம பேசிண்டு வந்தீங்க?

சேகரன்: ஆனா ஒண்ணு மேடம். முன்னாடி பஞ்சு வச்சுக் கட்டுனப்போ, சாயங்காலம் பொய்க்காலக் கழட்டுனா ரத்தமா இருக்கும். அதுக்குப் பதிலா உங்க ஜெல்லிப் பைய உள்ள வச்சப்புறம் ரத்தம் இல்ல. அத நான் யாருகிட்ட வேணா சொல்லுவேன்.

கனகா: ஜெல்லி இல்ல சேகரன், ஜெல். எத்தனை தடவை சொல்றது?

சேகரன்: சரி, ராகி முத்தை, நம்ம களி உருண்ட.

கனகா: ஐயோ! எங்க கைடு வைத்யநாதன் சார் காதுல விழுந்தா எனக்கு பி.எச்.டி.யே கிடைக்காது.

சேகரன்: நீங்கதானுங்களே சொன்னீங்க, கெட்டியும் இல்ல, தண்ணியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுலன்னு.

கனகா: நீங்க போர்டு எழுதற பெயின்ட் மாதிரின்னு சொன்னேன். பிரஷ்ஷால இழுத்தா ஓடும். விட்டா, எழுத்து எழுத்தா அப்படியே நிக்கும். இதுவும் அதேதான். நீங்க கால் ஊனும்போது எலும்பு முனையை விட்டு நகர்ந்து, சுத்திப் பரவணும். அப்புறம் அங்கயே நின்னுடணும்.

சேகரன்: நிக்காம ஓடுச்சுன்னா?

கனகா: முதல் பைக்கு அதுதானே ஆச்சு.

சேகரன்: ஷூ நெறைய ஒழுகிச்சு! பஸ்ல பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா, எண்ணெய் டப்பா கவுந்துருச்சான்னு கேட்டாங்க.

கனகா: சிரிக்காதீங்க. அன்னிக்கு நான் லேப் கதவைச் சாத்திண்டு அழுதேன்.

சேகரன்: அழுதீங்களா?

கனகா: விடுங்க... நடங்க, நடங்க.

சேகரன்: ஏனுங்க மேடம், இது நல்லபடியா ஆயிட்டா, அடுத்து என்ன பண்ணுவீங்க?

கனகா: எவ்வளவோ இருக்கு. தீக்காயத்துக்கு ஒரு கட்டு... பிரிக்கும்போது தோலையும் சேத்து உரிக்காம, வழுக்கிண்டு வர்ற மாதிரி. சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு, ரத்தத்துல சர்க்கரை ஏறினா தானா மருந்தை விடற ஜெல். தேஞ்ச முட்டிக்குள்ள வைக்க ஒரு மெத்தை.

சேகரன்: இதெல்லாம் வந்துருச்சுங்களா?

கனகா: எங்கெங்கயோ ஆரம்பிச்சிருக்காங்க. பத்து வருஷமோ, இருபதோ ஆகும். யோசிச்சுப் பாருங்க, எலும்பைத் தவிர நம்ம உடம்பே இப்படித்தானே? தோல், சதை, ரத்தம், கண்ணு... எல்லாம் கெட்டிக்கும் தண்ணிக்கும் நடுவுல. இரும்பையும் கல்லையும் புரிஞ்சுண்ட அளவுக்கு நாங்க இதை இன்னும் புரிஞ்சுக்கல.

சேகரன்: நீங்க பேசறதக் கேட்டா எல்லாம் நாளைக்கே வந்துரும் போல இருக்குங்க.

கனகா: வரும். முதல்ல உங்க ஆறு குறையணும்.

சேகரன்: கொறையலன்னா?

கனகா: குறையற வரைக்கும் வேற யாருக்கும் தர முடியாது.

சேகரன்: வேற யாருக்குங்க?

கனகா: கால் செய்யற சென்டர்ல பாத்தீங்களே, ஸ்ரீரங்கப்பட்டணத்து நஞ்சம்மா. கரும்பு வண்டி ஏறினதுல கால் போனவங்க.

சேகரன்: இடுப்புல கொழந்தையோட, சுவத்தப் புடிச்சுப் புடிச்சு வந்தாங்களே...

கனகா: அவங்களேதான்.

சேகரன்: அவங்களுக்கு இன்னும் குடுக்கலயா?

கனகா: உங்களுக்கு வலிச்சா அவங்களுக்கும் வலிக்குமில்லையா? எப்படித் தர்றது?

சேகரன்: அப்போ என்னாலதானுங்களா...

கனகா: ஏன் நின்னுட்டீங்க? வலிக்கறதா?

சேகரன்: இல்லைங்க.

கனகா: பின்ன?

சேகரன்: வலிக்கலைங்க மேடம். பொங்கல் கழிஞ்சதுல இருந்து ஒரு நாள்கூட வலிக்கல.

கனகா: ஆறுன்னீங்களே?

சேகரன்: ஆறும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏணியே ஏறிட்டேனுங்க. அக்ரஹாரத்துல ஒரு எஸ்.டி.டி. பூத் போர்டு, மாடி ஒசரத்துல. லாரி என் கால் மேல ஏறுனப்புறம் ஏணியத் தொட்டதே அன்னைக்குத்தான். கீழ எறங்கவே மனசு வரல.

கனகா: அப்புறம் ஏன் சேகரன் பொய் சொன்னீங்க?

சேகரன்: வலி இல்லைன்னு சொன்னா, சோதனை முடிஞ்சுது, இனி வர வேண்டாம்னுருவீங்க. அப்புறம் ஞாயித்துக்கெழம நான் யாரு கூட இந்த ஏரியச் சுத்தறது?

கனகா: அதுக்காகவா?

சேகரன்: ஹனூர்ல எங்க வீட்டுக்குப் போனா, எல்லாரும் என் காலையே பாக்கறாங்க. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. நீங்களும் காலைத்தான் பாத்தீங்க. ஆனா அப்புறம் நிமுந்து என் மூஞ்சியப் பாத்து, போன வாரம் என்ன போர்டு எழுதுனேன்னு கேட்டீங்க. அவ்வளவுதானுங்க... தப்புதான். அந்த அம்மாவ நெனச்சுக்கூடப் பாக்கல நான். நாளைக்கே அவங்களுக்குக் குடுத்துருங்க. நான் இனிமே உங்களத் தொந்தரவு பண்ணல.

கனகா: அந்த பெஞ்சுல உக்காருங்க.

சேகரன்: வேண்டாமுங்க, நான் கெளம்பறேன்...

கனகா: உக்காருங்க சேகரன். அந்த போர்டை நான் பாத்தாச்சு. மஞ்சள்ல நீல எழுத்து. ஓரத்துல ஒரு கிளி வேற. எஸ்.டி.டி. பூத்துக்கு எதுக்குங்க கிளி?

சேகரன்: கிளி பேசுமில்லீங்களா... இருங்க, பாத்தீங்களா? அப்போ நான் சொல்றது பொய்னு...

கனகா: அதுக்கு முன்னாடியே தெரியும். உங்க பையைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா, எல்லாப் பக்கமும் ஒரே சீரா அழுந்தியிருக்கு. வலிக்கற காலா இருந்தா, ஒரு பக்கமா சாஞ்சு நடந்திருப்பீங்க. உங்க ஆறை நான் கணக்குல சேத்துக்கவே இல்ல.

சேகரன்: அப்போ நஞ்சம்மாவுக்கு...

கனகா: போன மாசமே மாட்டியாச்சு. குழந்தையைத் தூக்கிண்டு சந்தைக்குப் போயிட்டு வர்றாங்க. இப்ப குண்டலுபேட்டைலேர்ந்துகூடக் கேட்டு வர்றாங்க. உங்க வாயால உண்மையை வரவழைக்கணும்னுதான் நான் அப்படிச் சொன்னேன்.

சேகரன்: நீங்களும் பொய்யா! சரி... அப்போ இந்தச் சோதனை?

கனகா: சிவராத்திரிக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. இனி அந்த ஆளை வரச்சொல்ல வேண்டாம்னு சாரும் சொல்லிட்டார்.

சேகரன்: அப்புறம் எதுக்குங்க மேடம் வாராவாரம் வந்து... எங்க வலிக்கறது, எத்தனை மார்க்னு என்னைக் கேட்டுட்டே நடந்தீங்க?

கனகா: வேற என்ன கேட்டு உங்க கூட நடக்கறதுன்னு எனக்குத் தெரியல, சேகரன்.