உமாமகேஸ்வரி அம்மையாரை அனுப்பியவர்கள் வாசிக்கும் மடல்

கோத்தகிரி குளிர்சோலைத் தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலக எழுத்தர், இருபத்தோராண்டு ஏறிய படியும் எழுதிய கையும் சலிக்காத உழைப்பின் உருவம், உறைபனிக்கும் ஓயாத உறுதி, உயர்திரு உமாமகேஸ்வரி அம்மையார் இன்று விடைபெறுகிறார்! அவையீரே, அவரை அறிய அவர் மகள் பிரீத்தியையும் அறிய வேண்டும்.

மூன்று வயதாகியும் பிரீத்தி பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவுமில்லை. கோவை மருத்துவர் 'ஆட்டிசம்' என்றார். திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவரிடமிருந்து கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அம்மையார் அழுது நாங்கள் கண்டதில்லை. சனிக்கிழமைதோறும் விடுப்பெடுத்து, கொண்டையூசி வளைவுகளில் வாந்தியெடுக்கும் மகளை மடியில் தாங்கி, பேச்சுப் பயிற்சிக்கும் கைப்பயிற்சிக்கும் மலையிறங்கி ஏறியதைத்தான் கண்டோம்!

பள்ளியில் சேர்த்த பதினொன்றாம் நாள், "மத்த பசங்க பயப்படறாங்க" என்று பிரீத்தியைத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு பள்ளி, தாய் வாசலிலேயே இருந்தால் அரைநாள் வரலாம் என்றது. காலையெல்லாம் அந்த வாசற்படியில் அமர்ந்தார் அம்மையார். நண்பகலில் மகளோடு வந்து இருட்டும்வரை வேலை பார்த்தார். எங்களில் ஒருவரும் ஒருநாளும் நேரம் மாற்றிக்கொள்ள முன்வரவில்லை.

பாலும் கோதுமையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். நோய் தீருமென்று அவர் சொல்லவில்லை. வயிற்றுவலி குறையலாம் என்றார், குறைந்தது. ராகியும் சாமையுமாக எட்டு மாதம் காத்த அந்தப் பத்தியத்தை ஒரே மாலையில் உடைத்தவர், தரம்பிரிக்கும் பகுதியின் அன்னம். "ஒரு வர்க்கி தின்னா புள்ளைக்கு என்னங்க ஆயிரப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே அந்தக் கோதுமைமாவுப் பண்டத்தை ஊட்டினார். மூன்று நாள் சுருண்டு கிடந்தாள் குழந்தை. அம்மையார் ஏசவில்லை. "எட்டு மாசமா இல்லாத வலிங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

பின்பு தேயிலை விலை சரிந்தது. ஆறு நாள் ஓடிய எந்திரங்கள் மூன்று நாளே ஓடின; எல்லோர் வேலைக்கும் ஆபத்து வந்தது. அலுவலகத்தின் இரண்டு எழுத்தர்களில் ஒருவர் போதும் என்றார் மேலாளர். யாரை அனுப்புவது என்று எங்களையே கேட்டார். தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் தனசிங் முதலில் வாய் திறந்தார்: "பாவமுங்க, அந்தம்மாவுக்குப் புள்ளையப் பாக்கவே நேரம் பத்தறதில்லை. ஊட்டுல இருந்தா அவங்களுக்கும் நல்லதுதானுங்க." மற்றோர் எழுத்தரான அண்ணாதுரை தலைகுனிந்து ஆமென்றார். எல்லோரும் ஆமென்றோம். இரக்கமென்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். உள்ளே இருந்ததெல்லாம் எங்கள் வேலை தப்பிய ஆறுதல்.

'குடும்பச் சூழலால் விருப்ப ஓய்வு' என்று மேலாளர் நீட்டிய கடிதத்தை அம்மையார் நின்றபடியே படித்தார்.

"ஏனுங்க, இதுல என்ற புள்ளைய எதுக்கு இழுக்கறீங்க? அவளால ஒருநாளாச்சும் என்ற வேலை பாக்கி நின்னுதுங்களா? வேலைய எடுத்துக்கோங்க. பழிய அவ தலைல வெக்காதீங்க."

மாலையோடும் பொன்னாடையோடும் வழியனுப்பு விழாவுக்கு அழைக்கப் போனோம். "அதெல்லாம் வேண்டாங்க. நடந்தத நடந்தபடி எல்லார் முன்னாலயும் படிங்க, வர்றேன். இல்லீன்னா வரமாட்டேனுங்க" என்றார்.

வந்திருக்கிறார். பக்கத்தில் பத்து வயதுப் பிரீத்தி, ஒலிபெருக்கியின் இரைச்சல் தாளாமல் காதைப் பொத்தியபடி. அவளை முழுநாளும் ஏற்க, கோவையில் ஒரு சிறப்புப் பள்ளி முன்வந்திருக்கிறது. இருபத்தோராண்டு எழுத்தராய் இருந்தவருக்கு அங்கே ஆயா வேலை. திங்களன்று தாயும் மகளும் மலையிறங்குகிறார்கள்.

ஆகவே, நீலமலை சாட்சியாக உரைக்கிறோம்: உமாமகேஸ்வரி அம்மையார் விரும்பி ஓய்வு பெறவில்லை. மகள் பொருட்டும் விலகவில்லை. அவரை விலக்கியவர்கள் நாங்கள்.

நெடுநாள் வாழ்கவென வாழ்த்த எங்கள் நாவுக்குத் தகுதியில்லை. ஆயினும் நோயின்றி வாழ்க அம்மையே! பிரீத்தி பேசும் ஒவ்வொரு சொல்லும் உம் செவியில் விழுக! எங்கள் நினைவு உம்மை ஒருபோதும் வருத்தாதிருக்க!

கோத்தகிரி, 2002

இதில் எழுதியது உண்மையென்று ஒப்பமிடுவோர்:
தனசிங், அண்ணாதுரை, அன்னம்,
மற்றும் அன்று ஆமென்ற பணியாளர் அனைவரும்.