கோல்ஜியும் நாப்பது பெட்டியும்

தேஜஸ்ரீ: ஏனுங்க்கா, என் பயாலஜி ரெக்கார்டுல படம் வரையச் சொன்னா ஊத்தப்பத்த அடுக்கி வெச்சிருக்கீங்க?

நாகஜோதி: அதான் பாப்பா, செல்லுக்குள்ள இருக்குற கோல்ஜி. தட்டுத் தட்டா, வளைஞ்ச பை மாதிரிதான் இருக்கும்.

தேஜஸ்ரீ: நெசமாவா? எங்கப்பா கம்பெனி பேக்கிங்ல பெட்டி ஒட்டுறவங்களுக்கு பயாலஜி எல்லாம்...

நாகஜோதி: பன்னெண்டாவதுல எரநூறுக்கு நூத்தித் தொண்ணூத்திரெண்டு. உங்களுக்கு எம்புட்டு?

தேஜஸ்ரீ: ...அத உடுங்க. அது என்னதான் பண்ணுது? மிஸ் கேப்பாங்க.

நாகஜோதி: நம்ம பேக்கிங் வேலைதான். தையல் லைன்லருந்து பனியன் வருதுல்ல? அப்படி ஒரு பக்கமா புரோட்டீன் வரும். தட்டுக்குத் தட்டு நகரும். பிசிறு வெட்டி, மடிச்சு, போற எடத்துக்கு லேபிள் ஒட்டி, சின்னப் பையில போட்டு அடுத்த பக்கமா அனுப்பிரும்.

தேஜஸ்ரீ: அப்ப நியூக்ளியஸ் எங்கப்பாவாட்டம்! ஏசி ரூம்ல...

நாகஜோதி: உக்காந்து சத்தம் போடும்.

தேஜஸ்ரீ: கொழுப்புதானுங்க உங்களுக்கு! அப்பாகிட்டச் சொல்லிக் குடுத்துருவேன்.

நாகஜோதி: சொல்லுங்க. நேத்தே வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக.

தேஜஸ்ரீ: ...என்னத்துக்குங்க?

நாகஜோதி: லேபிள் மாறிப் போச்சு. இத்தாலிக்குப் போக வேண்டிய நாப்பது பெட்டி ஜெர்மனிக்குப் போயி, அவன் திருப்பி அனுப்பிட்டான். இனி என் சம்பளம் போகலன்னா ஊருல என் தங்கச்சி படிப்பையும் நிப்பாட்டிருவாக. என் படிப்ப நிப்பாட்டுன மாதிரி.

தேஜஸ்ரீ: செல்லுல லேபிள் மாறுனா... என்னாகுமுங்க?

நாகஜோதி: உள்ள இருக்க வேண்டியது வெளிய போயிரும். கழிவு உள்ளயே சேந்து, பொறக்குற பிள்ளைக்குத் தீராத நோய். ஆனா கோல்ஜிய யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாக.

தேஜஸ்ரீ: பாவமுங்க்கா... போனாப் போகுது, மன்னிச்சுருங்கன்னு நான் வேணா அப்பாகிட்டச் சொல்றனுங்க.

நாகஜோதி: என்னயவா மன்னிக்கணும்?

தேஜஸ்ரீ: பின்ன?

நாகஜோதி: பரீட்சை லீவுல வந்து, "தள்ளுங்க்கா, நான் ஒட்டுறேன்"னு ஆடிக்கிட்டே ஒட்டுனது யாரு?

தேஜஸ்ரீ: நான்... நாலஞ்சு பெட்டிதான்...

நாகஜோதி: நாப்பதுலயும் ஊதா நெயில் பாலிஷ் ஈஷியிருந்துச்சு பாப்பா.

தேஜஸ்ரீ: யாரு வேணா போட்டிருக்கலாமுங்க!

நாகஜோதி: பேக்கிங்ல நகத்துல சாயம் இருந்தா உள்ளயே விட மாட்டாக. ஓனர் மகள மட்டுந்தான் விடுவாக.

தேஜஸ்ரீ: ...எனக்கு அன்னைக்கே சந்தேகமுங்க்கா. பயந்துட்டு சொல்லல. நீங்களாவது அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?

நாகஜோதி: சொன்னேனே. பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. உங்க நகத்தையும் நெனச்சுப் பாத்திருப்பாக. அப்பறம்... "மொதல்ல பாப்பா ரெக்கார்ட வரைஞ்சு குடு, வேலையப் பத்திப் பொறவு யோசிக்கலாம்"னாக.