மச்சினன் காரின் முன்விளக்கு

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் நான். செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும், பரமேஸ்வரன் செருப்பை மூன்று முறை தைத்த பிறகுதான் தூக்கிப் போடுவான் என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

என் மனைவி குமுதாவின் தம்பி யுகேந்திரன் பழைய ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தான். சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். ஒருநாள் எழும்பவில்லை. விளக்குகளைத் தூக்கும் மோட்டார்கள் இரண்டையும் புதிதாக வாங்கக் கிளம்பியவனை நான்தான் தடுத்தேன். இரண்டு மோட்டாரையும் பிரித்தால், உள்ளே பல்சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் புஷ் பொடிப்பொடியாகக் கிடந்தது. மீன்தொட்டி ரப்பர் குழாயை வெட்டி அந்த இடத்தில் திணித்தேன். விளக்குகள் துள்ளி எழுந்தன.

"மாமா, நீங்க என்ஜினியர் லா!" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டே வாரத்தில், ஓடும்போதே விளக்குகள் இறங்கத் தொடங்கின. கிரீஸில் ஊறி ரப்பர் இளகியிருக்கும். அது எனக்குத் தெரியும்.

"மாமா, கையால தூக்கி வச்சிட்டு மோட்டாரோட பியூஸ கழட்டிடவா? எறங்காதுல்ல?"

செலவே இல்லாத, சரியான வழி. ஆனால் பகலிலும் விளக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் என்ஜினியரின் மானம் என்னாவது?

"வேணாண்டா, செட்டாக கொஞ்ச நாளாகும்," என்றேன்.

அடுத்த வாரம் கிள்ளான் போகும் சாலையில், மாலை ஏழு மணி மழை இருட்டில், சாலையைக் கடந்த வள்ளியம்மா என்கிற பெண்மணி அவன் காரில் அடிபட்டு இறந்தார். காரின் விளக்குகள் உள்ளே இறங்கிக் கிடந்தன, வெளிச்சமே இல்லை. சுவிட்சைப் போட்டோமா இல்லையா என்பதே அவனுக்கு நினைவில்லை.

"நான் லைட்டு போடலையா மாமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மறந்திருப்படா," என்றேன். எனக்குப் பயம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்று நினைக்கிற ஆள் நான்.

போலீஸ் சோதனைக்கு முன் கார் ஒரு பட்டறையில் கிடந்தது. அவன் சாமான்களை எடுக்கவேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். என் மோட்டார்களைக் கழற்றிவிட்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கிய இரண்டு புது மோட்டார்களைப் பொருத்தினேன். சோதித்தவர்கள் விளக்குகளில் பழுதே இல்லை என்று எழுதினார்கள். யுகேந்திரன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான்.

மாதம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். அந்தப் புது மோட்டார்களுக்கு ஆன செலவை இன்றுவரை அவனிடம் நான் கேட்டதில்லை. சொந்தம் என்றால் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.