இடக்கை உயர்த்திய வகுப்பு

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முறுவல் பூத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கவலையை இறக்கி வையுங்கள். பெற்றோர் சங்கத் தலைவனாக அல்ல, ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பனாகச் சொல்கிறேன்: அப்பாடா! நம் பள்ளியின் அறிவியல் பிரிவு மூடப்படாது!

கைதட்டல் இருக்கட்டும், கதையைக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு என்ன நிலை? ஆய்வகம் இருந்தது, ஆய்வு இருந்ததா? பாடம் இருந்தது, பற்று இருந்ததா? ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தார் செய்முறைப் பாடத்துக்குக் கைகோத்தால் பிரிவு பிழைக்கும், கைவிரித்தால் கதவை அடைப்போம் என்றது மேலிடம். வகுப்பைப் பார்க்க நிலையத்தின் பொறியாளர் அம்மையார் வந்தார்.

விருந்தாளி வந்தால் நம் பள்ளி என்ன செய்யும்? ஒத்திகை பார்க்கும்! பிள்ளைகள் 'அமிலம் சார்' என்றழைக்கும் வேதியியல் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்: "எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியலன்னா இடது கை. நான் வலது கையாப் பாத்துக் கேக்கறேன்."

சிரிக்காதீர்கள் ஐயா! இதோ, அவரே சிரிக்கிறார்!

கேள்வி பிறந்தது, கைகள் எழுந்தன. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியர் அல்லர், அம்மையார்! அகப்பட்டவள் யார்? என் மகள்!

"ஏம்மா, பாதிப் பேர் இடது கையத் தூக்கியிருக்கீங்க?"

"தெரியலன்னா இடது கை தூக்கச் சொன்னாங்க மேடம்."

சங்கத்தின் சார்பில் சன்னலோரம் நின்று பார்த்த நான் முடிவே கட்டிவிட்டேன். போச்சு! பிரிவும் போச்சு, பிள்ளையின் படிப்பும் போச்சு! அம்மையாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், வலது கைக்காரங்களுக்கு நாங்க எதுக்கு? இந்த இடது கைங்களுக்காகத்தானே வந்திருக்கோம். எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

அன்று தொடங்கியது தோழமை! நிலையத்தார் வகுப்புக்கு வந்தார்கள். ஆசிரியர்கள் நிலையத்துக்குப் போனார்கள். குளோரின் பாடம் புத்தகத்தை விட்டிறங்கிப் பள்ளிக் குழாயடிக்கு வந்தது. அமிலம் சாரே நிலையத்தில் இடது கையைத் தூக்கி, "எனக்கு இது புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாராம். ஆசிரியரே கேட்கிறார் என்றால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கேட்டார்கள், கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்! இன்று காலை, பிரிவு தொடரும் என்று மேலிடமே சொல்லிவிட்டது.

நேற்று என் மகள், "மேடையில என்னப்பா பேசப் போறீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இடக்கையைத் தூக்கினேன்.

தெரிந்த வலக்கையோடு தெரியாத இடக்கையும் சேர்ந்தால்தானே கும்பிட முடியும்? இதோ, இரண்டையும் சேர்த்துவிட்டேன். நன்றி, வணக்கம்!