ரங்கூன் பார்க்காதவன் சொன்ன ரங்கூன் கதை

சண்டைக் காலம். ராயபுரம் ரேஷன் வரிசையில், அரிசிக்கோ சீமெண்ணெய்க்கோ, எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி மீன்காரி. மற்றவள் ரங்கூனில் குண்டு விழுந்தபோது மகளோடு தப்பி வந்து, இங்கே அகதிக் கேம்பில் இருப்பவள்.

மீன்காரி சொன்னாள்: "எம்புள்ள ராயபுரத்தையே தாண்டினதில்லக்கா. அகதிக் கேம்புல பூந்து, ரங்கூன் குண்டப் பத்திச் சொல்லி அயுது, பிஸ்கோத்து வாங்கிகினு வந்துட்டான்."

"தெரியும். ஆறுதல் சொல்ல வர்ற பெரிய எடத்து அம்மாங்க, அழுது கதை சொல்ற புள்ளைக்குத்தான் குடுக்குறாங்க. எம்மவ வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல. அதுக்கு ஒண்ணுமில்ல."

"கோச்சுக்காதக்கா."

"கேளு. நேத்து கேம்புல உன் புள்ள யானை மேல ஏறித் தப்பிச்சேன்னான். எம்மவ எழுந்து, 'பொய். நடந்துதான் வந்தோம். அப்பா வழியிலயே செத்துட்டாரு'ன்னா."

"இன்னாக்கா சொல்றே, பேசிடிச்சா?"

"பேசிட்டா. நாளைக்கும் அவன அனுப்பு. இன்னும் பெருசாப் பொய் சொல்லச் சொல்லு."