சிரிப்பைத் துடைச்ச இசைத்தட்டு

இல்ல தாயி, கீறல் இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சு நானே பாத்துட்டேன். முகம் பாத்துத் தலை சீவலாம், அம்புட்டுப் பளபளப்பு. உள்ள இருக்க வேண்டிய ஒரு ஆளைத்தான் காணோம்.

சிரிக்கிற. கிழவன் கெல்வின் காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டான்னு நினைக்கிறியா? ஊதிக் காட்டட்டுமா? வெறும் டீ. சர்க்கரை கூட இல்ல, டாக்டரு திட்டுறாரு.

பில்லு எங்கிட்ட இல்ல. வீட்டுக்காரி பேர்ல சொல்லி வச்சது. லினெட்னு இருக்கும் பாரு. ஆமா, சிவப்புக் கோட்டு, சத்தமாப் பேசுவா, அவதான். பேப்பர் ஹார்பர் குழுவோட பெரிய பாட்டெல்லாம் சேத்து, பழைய ஒலிநாடாவை எல்லாம் மெருகேத்தி, ரெட்டைத் தட்டா வருதுன்னு நீ ஜன்னல்ல நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கே வந்து சொல்லி வச்சுட்டாளே. பசை காயலன்னு சொன்னா.

இப்பவா? நல்லாத்தான் இருக்கா. முட்டி வலி, இடுப்பு வலின்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல.

காசு வேணாம் தாயி. இன்னொரு பிரதியைப் பிரிச்சுப் போடு. ரெண்டாவது தட்டுல கடைசிப் பாட்டு, உப்புத் தெரு. லண்டனுக்குப் போய் மறுபடி பாடி, நாடு முழுக்க ஓடுச்சே, அது இல்ல. அதுக்கு முன்னாடி இங்க நம்ம ஹல்லு ஊருல, சர்ச்சுக் கூடத்துல பதிஞ்சது. பாட்டு கடைசிக்கு வர்ற நேரத்துல பொசுக்குன்னு நிக்கும். அந்த இடத்துல ஒரு பொண்ணு சிரிக்கணும். என் தட்டுல சிரிக்க மாட்டேங்குறா. மத்ததுல சிரிக்கிறாளான்னு பாக்கணும். அவ்வளவுதான் என் வேலை, முடிஞ்சா நடையைக் கட்டிருவேன்.

எந்தப் பொண்ணா? நீ எந்த ஊரு? லீட்ஸா. சரி விடு, அதுக்கு நீ என்ன பண்ணுவ.

எங்க ஹெஸ்ஸல் ரோட்டுக் கூட்டத்துல கல்யாணமோ, பிறந்தநாளோ, வேலையை விட்டு நிக்கிற விருந்தோ, எதா இருந்தாலும் உப்புத் தெரு உண்டு. எல்லாரும் ஆடுவோம். பாட்டு நிக்கும். ஆட்டமும் நிக்கும், தூக்குன கால் தூக்குனபடி. தட்டுக்குள்ள அவ சிரிப்பா. அவ சிரிச்ச பிறகு மொத்தக் கூடமும் சிரிக்கும். அப்புறம்தான் காலைக் கீழ வைக்கணும், பாட்டும் மறுபடி தொடங்கும். அவளுக்கு முந்தி எவனாவது சிரிச்சான், அன்னைக்கு எல்லாருக்கும் பீரு அவன் கணக்கு. ஒரு மாப்பிள்ளை தன் கல்யாணத்துலயே முந்திச் சிரிச்சு, தேனிலவுக்குப் போக முடியாம ரயிலடியில உருளைக்கிழங்கு வடையைத் தின்னுட்டு வீட்டுக்கு வந்தான். பொய்யின்னா அவன் மாமியாரைக் கேளு, இன்னும் உசுரோட இருக்கா, அவனுக்காகவே இருக்கா.

அந்தப் பழைய தட்டு அப்பவே கொஞ்சம்தான் போட்டாங்க. பாதி உடைஞ்சது, மீதி எங்க போச்சுன்னே தெரியல. எங்க வட்டாரத்துக்கே எங்க வீட்டுத் தட்டு ஒண்ணுதான். யாரு கேட்டாலும் லினெட்டே எடுத்துட்டுப் போவா, கைக்குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு. பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தரை உக்கார விட மாட்டா, என்னையும் சேத்து.

அது இப்ப எங்கயா? சொல்றேன், சொல்றேன். நீ முதல்ல இதைப் பிரி.

நீ முள்ளைத் துடைக்கிறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் குழுவுக்கு வேன் ஓட்டுனவன் நான். நம்பலையா? மீன் வேன் தாயி. காலையில ஹாடக் மீனு, சாயங்காலம் கிதாரு. குழுவுல ஒரு பய வச்சிருந்த மின்சார ஆர்கன் பெட்டி, கட்டையை அமுக்குனா ஊய்ங்னு கத்துமே, அதுக்குள்ள மீன் நாத்தம் ஏறிருச்சு. மேடையில பெட்டி சூடாகச் சூடாக வாடை கிளம்பும். ஊர்ப் பூனை எல்லாம் வந்து முன் வரிசையில உக்காந்துக்கும். மனுஷனுக்கு இடம் கிடையாது. பத்திரிகைக்காரன் வந்து, ரசிகர்கள் அமைதியா ரசிச்சாங்கன்னு எழுதிட்டுப் போனான். ஒரு தடவை அடிக்கட்டையை அமுக்கிப் பிடிச்சான் பாரு, ஆத்துல வந்த கப்பல் அதை மூடுபனிச் சங்குன்னு நினைச்சு அப்படியே நங்கூரம் போட்டு நின்னுருச்சு. கேப்டன் இறங்கி வந்து முழுக் கச்சேரியும் கேட்டுட்டுத்தான் போனாரு. நார்வேக்காரரு. அழுதாரு.

சரி, அழல. கண்ணு கலங்குச்சு.

பாட்டு பதிஞ்ச அன்னைக்கும் ஒரு பூனை கூடத்துக்குள்ள வந்துருச்சு. நாடா ஓடிக்கிட்டு இருக்கு, கத்துனா போச்சு. அமுக்கிப் பிடிச்சு என் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டேன். பாட்டு நின்ன நேரம் பாத்து அதோட வாலு என் சட்டைக் கழுத்து வழியா வெளிய வந்து, மீசை மாதிரி வாய்க்கு மேல படுத்துக்கிச்சு. எதிர்ல ஒரு பொண்ணு டீத்தட்டைத் தூக்கிக்கிட்டு நிக்குது. யாரோட அக்காவோ, தங்கச்சியோ, எனக்கு முன்ன பின்ன தெரியாது. என்னைப் பாத்தா. சிரிச்சா பாரு. வாயைப் பொத்தவும் கை இல்ல, தட்டு இருக்கே.

அதுதான் லினெட். ஆமா தாயி, அவளேதான். அந்தச் சிரிப்புத்தான்.

பாடுன ராட்னிக்கு வந்துச்சே கோவம். இன்னொரு தடவை பதியலாம்னு குதிச்சான். வெளிய பிங்கோ விளையாட வந்த பொம்பளைங்க கதவை இடிக்கிறாங்க, கூடத்தை விடுங்கடான்னு. அவங்களை எதிர்க்க ராட்னிக்கு ஏது தைரியம், அதுல ஒருத்தி அவங்க அம்மா. அதனால சிரிப்பு தங்கிருச்சு. அவளும் எங்கிட்ட தங்கிட்டா. வாழ்நாள் முழுக்க நான் அவுத்து விட்ட அத்தனை புளுகுக்கும் அவ அதே மாதிரி சிரிச்சதுதான், ஆனா அதை எல்லாம் எவன் பதிஞ்சு வச்சான்?

ம், வருது. இதோ, இப்ப நிக்கும் பாரு. உஷ்.

இல்ல.

இதுலயும் இல்ல.

சத்தத்தைக் கூட்டு. இன்னும் கூட்டு. பக்கத்து ரொட்டிக்கடைக்காரன் வந்தா நான் பேசிக்கிறேன். மறுபடி வை. காதுல மாட்டுறதைக் குடு. நல்ல உசத்தியான சாமான் இது, ராட்னி பல்லைக் கடிக்கிறது கூடக் கேக்குது. மூச்சு இழுக்கிறான், கேட்டியா? அது இருக்கு. கிதாருக் கம்பியில விரலு உரசுறது இருக்கு. அவ இருந்த இடத்துல மட்டும் வெள்ளையடிச்சு வச்ச மாதிரி இருக்கு.

அட்டைல என்ன எழுதியிருக்கு? எனக்கு அந்தப் பொடி எழுத்துத் தெரியாது, நீ படி.

தேவையில்லாத சத்தங்கள் கவனமாக நீக்கப்பட்டுள்ளன.

கவனமா நீக்கியிருக்காங்க. கெட்டிக்காரப் பயலுக. யாரோ பாவம், ராப்பகலா காதுல மாட்டிக்கிட்டு உக்காந்து, இது என்னடா நடுவுல ஒரு பொம்பளை இளிக்கிறான்னு தொடைச்சு எடுத்திருப்பான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது. அவன் ஹெஸ்ஸல் ரோட்டுல ஒரு கல்யாணத்துக்கும் வந்திருக்க மாட்டான்.

போன்ல தேடுறியா? தேடிப் பாரு. யாரும் விக்கலயா. ஜப்பான்ல ஒருத்தர் வச்சிருந்தாராமா? இருந்தாரா, இருக்காரா? சரி, அந்தாளு ஏன் குடுக்கப் போறாரு. நானா இருந்தா குடுப்பேனா?

எங்க வீட்டுப் பழைய தட்டா? கொண்டு வந்தா அதுல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தித் தருவியா? எத்தனை பிரதி வேணும்னாலுமா? தங்கமான பொண்ணு நீ. லீட்ஸுன்னு சொன்னதை மனசுல வச்சுக்காத.

அது லினெட் கிட்ட இருக்கு தாயி.

அவ பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி நான்தான் உள்ள வச்சேன். பிளாஸ்டிக் எல்லாம் எரிக்கிறதுல வைக்கக் கூடாதுங்கன்னு அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு மரியாதையாச் சொன்னாரு. அவரு திரும்பின நேரத்துல போர்வைக்கு அடியில சொருகிட்டேன். புதுசுதான் வீட்டுல இருக்கே, அவ ஆஸ்பத்திரியில இருந்து வந்து பிரிப்பான்னு உறையைக் கூடத் தொடாம வச்சிருந்தேன். அதே நாடா, முன்னைவிடத் தெளிவுன்னு நீ ஒட்டியிருந்தியே. பழசு அவளுக்கு, புதுசு எனக்கு. சரியான பங்குதானன்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் வச்சேன்.

நேத்துத்தான். நீ அழாத, கடைக்கு ஆளு வந்தா என்னைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க.

வழியனுப்புறப்ப எந்தப் பாட்டுன்னு கேட்டாங்க. இதைக் கேக்கணுமா? பிளேயரை நானே தூக்கிட்டுப் போயிருந்தேன். உறையை அங்கதான் பிரிச்சேன். ஹெஸ்ஸல் ரோடு மொத்தமும் வந்திருந்துச்சு, முட்டி போனவன், இடுப்பு போனவன் எல்லாம் பெஞ்சைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னாச்சு. ராட்னி பாடுறான், அவ பெட்டிக்கு முன்னாடி திரை மெல்ல மெல்ல மூடுது. பாட்டு நின்னுச்சு. அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். யாரும் முந்தக் கூடாதே, அவதான ஆரம்பிக்கணும்? நாங்க பாட்டுக்குக் காத்துக்கிட்டே நிக்கிறோம், ராட்னி திரும்பப் பாட ஆரம்பிச்சுட்டான்.